அரிய ஆங்கிலக் குடும்பப்பெயரின் வேரைக் கண்டுபிடிப்பது எப்படி

ஷஃபிள்பாட்டம் என்ற குடும்பப்பெயர் இன்றைய ஆங்கிலேயர் காதில் விழுந்தால், காலைத் தேய்த்து நடப்பதும் பின்புறமும்தான் அவர் நினைவுக்கு வரும். பள்ளியில் கேலிக்கு ஆளாகிற பெயர். ஆனால் அதற்குள் இருப்பது, செம்மறி ஆடுகளைக் கழுவிய நீரோடையும் அது ஓடிய பள்ளத்தாக்கும். லங்காஷயரில் பரி நகரத்தை ஒட்டி ஷிப்பர்பாட்டம் என்றோர் இடம் உண்டு. அங்கிருந்து கிளம்பியவர்களோடு ஊர்ப்பெயரும் ஒட்டிக்கொண்டு வந்து, வாய் மாறி வாய் மாறித் திரிந்தது.

இப்படிப்பட்ட பெயர் கிடைத்ததும் பலரும் அகராதியைத் திறந்து, பெயரை இரண்டாக உடைத்து, துண்டுகளுக்கு அர்த்தம் பார்க்கிறார்கள். பிழை அங்கேதான் ஆரம்பிக்கிறது. அரிய பெயருக்கு முதலில் இடம், அடுத்து பழைய எழுத்து வடிவம், கடைசியாகத்தான் பொருள். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

1881இல் எங்கே இருந்தார்கள்?

1881 ஏப்ரல் 3 இரவு எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து தொடங்குங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்குமான பதிவைத் தன்னார்வலர்கள் படியெடுத்திருக்கிறார்கள். ஃபேமிலிசர்ச் தளத்தில் கணக்குத் திறந்தால் இலவசமாகத் தேடலாம். தொழிற்சாலைகளும் ரயிலும் வந்த பிறகும் அரிய பெயர்க்காரர்களில் பெரும்பாலோர் பூர்விக வட்டாரத்தை விட்டு அதிக தூரம் போயிருக்கவில்லை. அதனால்தான் இந்த ஆண்டு இவ்வளவு பயன்படுகிறது.

கவுண்டி (இங்கிலாந்தின் மாவட்டம் போன்ற பகுதி) வாரியாக எண்ணுங்கள், ஆனால் வெறும் தலைக்கணக்கோடு நிறுத்தாதீர்கள். ஒரு பெயருக்கு பிரிட்டன் முழுவதும் 300 பேர், அதில் லங்காஷயரில் 240, லண்டனில் 30 என்று வைத்துக்கொள்வோம். அன்று பிரிட்டனின் மக்கள்தொகை சுமார் 2.97 கோடி, பத்து லட்சத்துக்கு 10 பேர் என்பது நாட்டுச் சராசரி. லங்காஷயரின் 34.5 லட்சத்தில் 240 என்றால் பத்து லட்சத்துக்கு 70, அதாவது ஏழு மடங்கு. லண்டனில் 38 லட்சத்துக்கு 30 பேர். பத்து லட்சத்துக்கு 8தான், சராசரிக்கும் கீழே. எண்ணிக்கையில் இரண்டாம் இடம் லண்டன் என்று பார்த்துவிட்டு 'லண்டனிலும் ஒரு வேர் இருக்கிறது' என்று எழுதுவது இந்தக் கணக்கைப் போடாததால் வரும் தவறு.

பிறந்த இடம் என்ற பத்தியையும் விடாதீர்கள். லண்டனில் வாழும் குடும்பத் தலைவர் பரியில் பிறந்தவர் என்று அங்கே எழுதியிருந்தால், அந்த வீட்டை லங்காஷயர் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே வீட்டில் 12 பேர் இருந்தாலும் அது ஒரு குடும்பம்தான் என்பதால், ஆட்களோடு வீடுகளையும் தனியே எண்ணுவது நல்லது.

எழுத்து வடிவங்களைத் திரட்டுதல்

பாதிரியாரும் கணக்கெடுப்பாளரும் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஷஃபிள்பாட்டம், ஷஃபிள்பாதம், ஷிப்பர்பாட்டம், ஷூபாட்டம் எல்லாம் ஒரே வேரின் கிளைகள். ஒரே ஆளின் ஞானஸ்நானம் ஒரு வடிவத்திலும் திருமணம் இன்னொரு வடிவத்திலும் இருக்கும். தேடும்போது எஸ், ஹெச் என்று தொடங்கி, நட்சத்திரக் குறி (அந்த இடத்தில் எந்த எழுத்துகளும் வரலாம் என்று பொருள்) போட்டு, பி, ஓ, டீ, மறுபடி நட்சத்திரக் குறி என்று முடித்தால் பெரும்பாலானவை சிக்கும்.

சிக்காதவை, படியெடுத்தவர் தவறாகப் படித்தவை. பழைய கையெழுத்தில் நீண்ட எஸ் என்ற எழுத்து எஃப் போலவே இருக்கும். பெரிய எஸ் சில கைகளில் எல் ஆகத் தெரியும். யு, என் இரண்டும் பிரித்தறிய முடியாமல் போகும். குடும்பப்பெயரை விட்டுவிட்டு, ஊர், முதல் பெயர், பிறந்த ஆண்டு மூன்றையும் மட்டும் கொடுத்துத் தேடினால் இவையும் வெளியே வரும்.

பின்னோக்கிப் போவது

இங்கிலாந்து, வேல்ஸில் அரசுப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. ஃப்ரீபிஎம்டி தளத்தில் பிறப்பு, திருமணம், இறப்பு அட்டவணையை இலவசமாகப் பார்க்கலாம். அதில் உள்ள காலாண்டு பதிவு செய்த காலாண்டு. பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் இருந்ததால், மார்ச்சில் பிறந்த குழந்தை ஜூன் காலாண்டில் இருக்கலாம். இந்த அட்டவணையில் தாயின் திருமணத்துக்கு முந்தைய பெயர் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வருகிறது. அதற்கு முந்தைய பிறப்புகளுக்கு அரசுப் பதிவு அலுவலகத்தின் சொந்த இணைய அட்டவணைக்குப் போனால், 1837 முதலே பெரும்பாலான பிறப்புகளுக்குத் தாயின் பெயர் கிடைக்கும்.

1837க்கு முன்னால் பாரிஷ் (தேவாலய வட்டார) பதிவேடுகள். இவற்றை வைத்திருக்கும்படி தாமஸ் குரோம்வெல் 1538இல் உத்தரவிட்டார்; ஆனால் பல ஊர்களில் ஆரம்ப ஏடுகள் அழிந்துவிட்டன. அப்படியானால் பிஷப்புக்கு ஆண்டுதோறும் அனுப்பிய நகல்கள் உண்டா என்று கேளுங்கள். ஒரு நுணுக்கம்: 1751 வரை இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. பதிவேட்டில் 1690 பிப்ரவரி என்றிருந்தால் இன்றைய கணக்கில் அது 1691. இதைக் கவனிக்காதவர்களின் வம்ச அட்டவணையில் பெற்றோர் கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்துவிடும்.

இன்னும் பின்னால், 1377, 1379, 1381 ஆண்டுகளின் தலைவரி (ஆளுக்கு இவ்வளவு என்ற வரி) பட்டியல்களும் நீதிமன்றச் சுருள்களும் இருக்கின்றன. பெயருக்கு முன்னால் 'டி' என்ற சொல் வந்தால், அவர் அந்த இடத்துக்காரர் என்று பொருள். ஊர்ப்பெயரிலிருந்து பிறந்த பெயர் என்பதற்கு இதைவிட வலுவான சான்று அபூர்வம். ஷஃபிள்பாட்டத்தின் 13ஆம் நூற்றாண்டு வடிவங்கள் 'ஷிப்பேவால்பொதம்' என்கிற மாதிரி ஒலிப்பவை. செம்மறி, நீரோடை, பள்ளத்தாக்கு என மூன்று துண்டும் அதில் தனித்தனியே தெரிகின்றன.

இப்போது பொருள்

பாட்டம் என்பது பழைய ஆங்கிலத்தில் பள்ளத்தாக்கின் தரைப்பகுதி. வட இங்கிலாந்தின் பெனைன் மலைச்சரிவின் இருபுறமும் இந்த முடிவோடு பல பெயர்கள் உண்டு: லாங்பாட்டம் நீண்ட பள்ளத்தாக்கு, சைட்பாட்டம் அகன்ற பள்ளத்தாக்கு. ராம்ஸ்பாட்டத்துக்கு இரண்டு விளக்கம் உண்டு. கிடாப் பள்ளத்தாக்கு, அல்லது காட்டுப்பூண்டு விளைந்த பள்ளத்தாக்கு. இரண்டும் மொழிக்குப் பொருந்தும்போது இரண்டையும் எழுதுவதே நேர்மை.

சென்னை அண்ணா சாலையின் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை, 1844இல் அதைத் தொடங்கிய ஏபல் ஜோஷுவா ஹிக்கின்பாதமின் பெயரைத் தாங்கியது. அந்தப் பெயரும் இந்தப் பாட்டம் வகைதான். ஹிக்கின் என்ற ஆளின் பள்ளத்தாக்கு என்று தோன்றும்; ஆனால் அகராதிகள் அதை போல்ட்டனில் உள்ள ஓக்கன்பாட்டம் என்ற இடத்தோடு, ஓக் மரப் பள்ளத்தாக்கோடு, இணைக்கின்றன.

இடத்தை உறுதிசெய்ய, ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவைத் துறையின் பழைய ஆறு அங்குல (ஒரு மைலுக்கு ஆறு அங்குலம்) வரைபடங்கள் இலவசமாக உள்ளன. இங்கிலாந்தும் அதில் அடக்கம். ஊர்ப்பெயரை மட்டும் பார்க்காமல் பண்ணை, சந்து, ஓடை ஆகியவற்றின் பெயர்களையும் படியுங்கள். ஒற்றைப் பண்ணை வீட்டிலிருந்து பிறந்த குடும்பப்பெயர்கள் ஏராளம். இன்றைய இணைய வரைபடத்தில் அந்தப் பண்ணையே இருக்காது.

எத்தனை பேர், ஏன் குறைந்தார்கள்?

அடுத்தடுத்த கணக்கெடுப்புகளை ஒப்பிடுங்கள். 1921ஆம் ஆண்டினது 2022 ஜனவரியில் வெளியானது. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 ஏடுகள் 1942இல் தீக்கிரையாயின; அந்த இடைவெளியை, போர் தொடங்கியபோது எடுத்த 1939 பதிவேடு ஓரளவு நிரப்பும். எல்லா வடிவங்களையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். ஒரு வடிவம் குறைந்து இன்னொன்று கூடியிருந்தால் அது ஸ்பெல்லிங் மாற்றம், குடும்பம் அழியவில்லை. புலம்பெயர்வு, கேலிக்கு அஞ்சிப் பெயர் மாற்றுவது, ஆண் வாரிசு இல்லாமல் கிளை முடிவது ஆகியவையும் காரணங்கள். கடைசிக் காரணத்தை 1870களிலேயே ஃபிரான்சிஸ் கால்டனும் ஹென்றி வாட்சனும் கணிதமாக ஆராய்ந்தார்கள்: சில வீடுகளில் மட்டும் இருக்கும் பெயர், யாரும் எதுவும் செய்யாமலேயே தற்செயலாக மறைந்துபோகலாம்.

'உங்கள் பெயரின் குலச்சின்னம்' என்று விற்கும் கோப்பைக்கும் சட்டம் போட்ட படத்துக்கும் காசு கொடுக்காதீர்கள். இங்கிலாந்தில் சின்னம் தனி ஆளுக்கும் அவருடைய வாரிசுகளுக்கும்தான். ஒரு குடும்பப்பெயருக்கென்று சின்னம் கிடையாது.

எல்லோரும் ஒரே மூதாதையின் வழியா என்று பார்க்க ஒய் குரோமோசோம் (தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் வரும் மரபணுத் தொகுதி) சோதனை உதவும். ஸ்மித் போன்ற பெயரில் இது பெரிதாக எதையும் காட்டாது. அரிய பெயரில்தான் பலன் அதிகம். ஆவணப்படி மிகத் தூரத்தில் பிரிந்த இரண்டு கிளைகளிலிருந்து ஆளுக்கொரு ஆணைத் தேர்ந்து, குறைந்தது 37 குறிகளை (ஒப்பிட்டுப் பார்க்கும் மரபணு இடங்களை) பாருங்கள். ஒத்துப்போனால் ஒரே வேர் என்ற முடிவு பலப்படும். ஒத்துப்போகவில்லை என்றால், பெயர் இரண்டு இடத்தில் தோன்றியிருக்கலாம், அல்லது இடையில் ஒரு பிள்ளை தாயின் பெயரையோ மாற்றாந்தகப்பன் பெயரையோ எடுத்திருக்கலாம். எது என்று தெரிய ஒவ்வொரு கிளையிலிருந்தும் இன்னொருவரையாவது சோதிக்க வேண்டும்.