சீனியரிடம் எதைக் கேட்பது: வேலூரிலிருந்து இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் இன்டர்வியூ வரை

“அண்ணா, உங்க கம்பெனில ஏதாச்சும் ஓப்பனிங் இருக்கா?”

கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் அதிகம் வீணாகும் கேள்வி இதுதான். எந்தப் பிரிவு, எந்த ஊர், எந்த நிலை என்று எதுவும் இல்லாத கேள்விக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. “பார்த்துச் சொல்றேன் தம்பி” என்று சீனியர் முடித்துவிடுவார். அவர் மேல் தப்பில்லை.

ரெஃபரல் என்பது வேலை வாங்கித் தருவது அல்ல. குவியலில் கிடக்கும் ரெஸ்யூமேயை ஒரு ஆள் திறந்து பார்க்க வைப்பது, அவ்வளவுதான். அதற்காக சீனியர் தன் பெயரை ஈடு வைக்கிறார். நீங்கள் முதல் கேள்விக்கே தடுமாறினால், அடுத்த முறை அவர் அனுப்பும் ரெஸ்யூமேக்கு அந்த மரியாதை இருக்காது. ஆகவே அவர் பயமில்லாமல் பெயரை ஈடு வைக்க என்ன தேவையோ, அதைத்தான் நீங்கள் தயார் செய்து கொடுக்க வேண்டும்.

முதலில் எந்த வேலை என்று முடிவு செய்யுங்கள். இன்வெஸ்ட்மென்ட் பேங்க் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் பல வேலைகள் இருக்கின்றன. பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கும் வெளிநாட்டு வங்கி அலுவலகங்களில் பெரும்பகுதி டெக்னாலஜி, ஆபரேஷன்ஸ், ரிஸ்க் வேலை. பங்கு வெளியீடு, கம்பெனி வாங்கல் விற்றல் ஆகிய டீல் வேலை பெரும்பாலும் மும்பையில் நடக்கிறது. அங்கே ஐஐஎம் மாணவர்களும் சி.ஏ. முடித்தவர்களும் முன்வரிசையில் நிற்பார்கள். இரண்டுக்கும் நடுவில் இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, வெளிநாட்டு பேங்கர்களுக்காக இங்கிருந்து பிட்ச்புக்கும் (வாடிக்கையாளரிடம் காட்டும் விளக்கக் கோப்பு) மாடலும் (கம்பெனியை மதிப்பிடும் ஸ்ப்ரெட்ஷீட் கணக்கு) செய்து தரும் டீம்கள். மற்றொன்று, எஸ்.எம்.இ. எனப்படும் சிறு, நடுத்தரக் கம்பெனிகளின் பங்கு வெளியீட்டை நடத்தித் தரும் சின்ன மெர்ச்சன்ட் பேங்கர்கள். வேலூர், ராணிப்பேட்டையிலிருந்து கிளம்புகிறவர் இந்த இரண்டையும் முதலில் தட்டுவது நல்லது. ஆபரேஷன்ஸில் இருக்கும் சீனியரிடம் டீல் டீமுக்கு ரெஃபரல் கேட்டால் அவருக்கும் தர்மசங்கடம், உங்களுக்கும் பயனில்லை.

பட்டியல்

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து 40 பெயர் சேருங்கள். பெயர், கம்பெனி, டீம், ஊர், எந்த வழியில் தெரியும், எப்போது எழுதினேன், என்ன பதில், அடுத்து எப்போது. இந்த எட்டுப் பத்திகள் போதும். இது இல்லாவிட்டால் ஒரே ஆளுக்கு ஒரே செய்தியை இரண்டு தடவை அனுப்புவீர்கள்.

லிங்க்ட்இன்னில் கல்லூரிப் பக்கத்தைத் திறந்தால் முன்னாள் மாணவர்களுக்கென்று தனிப் பகுதி இருக்கும். ஊர், கம்பெனி, வேலை என்று வடிகட்டலாம். விஐடி மாணவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: 1984இல் வேலூர் இன்ஜினியரிங் காலேஜாகத் தொடங்கிய கல்லூரி 2001இல்தான் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அதற்கு முன் படித்தவர்கள் பழைய பெயரைப் போட்டிருப்பார்கள். இரண்டு பெயரிலும் தேடுங்கள். இன்று ஆள் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் வயது அவர்களுக்குத்தான். ஊரீஸ், ஆக்சீலியம், டி.கே.எம்., முத்துரங்கம் அரசு கல்லூரி மாணவர்களுக்குப் பட்டியல் சிறியதாக வரும். அப்போது பள்ளியையும் ஊரையும் வைத்துத் தேடுங்கள். மும்பையில் இருக்கும் ஒருவருக்கு “நான் குடியாத்தம்” என்ற ஒரு வரி கல்லூரிப் பெயரைவிட வேலை செய்யும்.

பலர் மறந்துவிடும் வழி ஆடிட்டர்கள். சி.ஏ. அமைப்பின் தென்மண்டலக் குழுவுக்கு வேலூரில் கிளை இருக்கிறது. டீல் டீம்களில் சி.ஏ.க்கள் நிறைய. உங்கள் அப்பாவின் கடைக்கு ரிட்டர்ன் போடும் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் (சி.ஏ. பயிற்சிக் காலம்) முடித்த ஒருவர் இன்று சென்னையில் மெர்ச்சன்ட் பேங்கிங் டீமில் இருக்கலாம். கேட்டால் போனில் இரண்டு நிமிட வேலை. கேட்பவர்தான் இல்லை.

மூன்றாவது வழிக்குச் செலவே கிடையாது. பங்கு வெளியீட்டுக்கு வரும் கம்பெனிகளின் வரைவு ஆவணம், டி.ஆர்.எச்.பி. என்பார்கள், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் தளத்தில் பொதுவில் கிடைக்கும். எஸ்.எம்.இ. வெளியீடுகளுக்கு என்.எஸ்.இ., பி.எஸ்.இ. தளங்களில் பாருங்கள். முன்பக்கத்திலேயே லீட் மேனேஜர் (வெளியீட்டை நடத்தும் மெர்ச்சன்ட் பேங்கர்) யார், அங்கே தொடர்பு கொள்ள வேண்டியவர் யார் என்று பெயரோடு அச்சாகியிருக்கும். அங்கே கொடுத்திருக்கும் முதலீட்டாளர் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கு ரெஸ்யூமே அனுப்பாதீர்கள். அது புகார்ப் பெட்டி. பெயரை எடுத்து லிங்க்ட்இன்னில் தேடி, அவருடைய டீமில் ஒன்றிரண்டு வருடமே ஆன அனலிஸ்டைப் பிடியுங்கள். பெரியவருக்கு நேரம் இல்லை. சின்னவருக்கு நீங்கள் படும் பாடு இன்னும் மறந்திருக்காது.

எப்போது எழுதுவது என்பதிலும் கணக்கு இருக்கிறது. டி.ஆர்.எச்.பி.யில் போடும் கணக்கு ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்பது விதி. மார்ச் 31 கணக்கை வைத்துத் தாக்கல் செய்பவர்களுக்குக் கடைசி நாள் செப்டம்பர் 30. அந்த மாதம் கடைசி பத்து நாள் டீம் முழுக்க பிரின்டரும் வக்கீலுமாகத் திரியும். அப்போது போகும் செய்தி கீழே புதைந்துபோகும். அக்டோபர் இரண்டாம் வாரம் எழுதுங்கள்.

முதல் செய்தி

ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள். ஆனால் சாரம் இப்படி இருக்கட்டும்:

“வணக்கம். நான் காட்பாடியில் பி.காம். மூன்றாம் ஆண்டு. உங்கள் டீம் செய்த எஸ்.எம்.இ. வெளியீட்டின் டி.ஆர்.எச்.பி. படித்தேன். திரட்டும் பணத்தில் பெரும்பகுதி நடப்பு மூலதனத்துக்கு என்று போட்டிருக்கிறீர்கள். கடன்தாரர் நாட்கள் ஒரே வருடத்தில் ஏறியிருப்பதால் அப்படியா? இந்த வேலைக்குத் தயாராகிறேன். அடுத்த வாரம் 15 நிமிடம் பேச முடியுமா? செவ்வாய், வியாழன் இரவு 9க்கு மேல் எனக்கு வசதி.”

வேலை கொடுங்கள் என்றோ ரெஃபரல் கொடுங்கள் என்றோ ஒரு தடவைகூட வரவில்லை. ரெஸ்யூமேயும் இணைக்கவில்லை. கேட்டது 15 நிமிடம் மட்டும். படித்ததற்கு அடையாளமாக ஒரு கேள்வி இருக்கிறது (கடன்தாரர் நாட்கள் என்றால் விற்ற சரக்குக்குப் பணம் வந்து சேர ஆகும் நாட்கள்). வாரத்துக்கு ஐந்து பேருக்கு இப்படி எழுதினால் போதும். ஐம்பது பேருக்கு ஒரே செய்தியை ஒட்டி அனுப்பினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பதில் இல்லையென்றால் ஏழெட்டு நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கூப்பிடும் முறை பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று நான்கு வருட சீனியர், தமிழர் என்றால் அண்ணா, அக்கா இயல்பாக வரும். அதற்கு மேல் மூத்தவரை சார், மேடம் என்றே தொடங்குங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னால் அப்படியே கூப்பிடுங்கள். அலுவலக மெயிலில் எந்த வயதானாலும் ‘அண்ணா’ வேண்டாம். அதை ஹெச்.ஆருக்கு அப்படியே ஃபார்வர்ட் செய்ய முடியாது.

அந்தப் பதினைந்து நிமிடம்

அழைப்பை காட்பாடி ஜங்ஷன் நடைமேடையில் நின்று எடுக்காதீர்கள். அறிவிப்புச் சத்தத்தில் அவர் சொல்வது பாதிதான் கேட்கும். உட்கார்ந்து, நோட்டோடு எடுங்கள். கேட்க மூன்று விஷயம் போதும்: உங்கள் டீமில் புதிதாகச் சேரும் அனலிஸ்ட் முதல் மாதம் என்ன செய்வார், இன்டர்வியூ எத்தனை சுற்று, கடைசியாக எடுத்த ஆளிடம் என்ன பிடித்திருந்தது. சம்பளம் கேட்காதீர்கள்.

பாதி வழியில் அவர் உங்களைச் சோதிப்பார். அதிகம் வரும் கேள்வி: தேய்மானம் 10 ரூபாய் கூடினால் மூன்று அறிக்கையிலும் என்ன ஆகும்? வரி 25 சதவீதம் என்று வைத்தால், லாப நட்டக் கணக்கில் நிகர லாபம் 7.50 குறையும். பணப்புழக்க அறிக்கையில் 10ஐத் திரும்பக் கூட்டுவதால் கையிருப்பு 2.50 ஏறும். இருப்புநிலைக் குறிப்பில் பணம் 2.50 ஏற்றம், சொத்து 10 இறக்கம், ஆக மொத்தம் 7.50 இறக்கம், எதிர்ப்பக்கம் பங்குதாரர் நிதியிலும் அதே 7.50 இறக்கம். பலர் வரியை மறந்துவிட்டு “பணத்தில் மாற்றமில்லை” என்பார்கள். தேய்மானம் பணம் வெளியே போகாத செலவு என்பது சரி, ஆனால் வரி பணமாகப் போகிறது. இதைத் தடுமாறாமல் சொல்பவருக்கு ரெஃபரல் தர அவருக்கு யோசனை இருக்காது.

பேச்சு முடிந்ததும் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று அனுப்பலாமா என்று கேளுங்கள். இது சான்றிதழ்களைவிடப் பேசும். நம் மாவட்டத்துக்காரருக்கு எழுத விஷயம் பக்கத்திலேயே இருக்கிறது. ராணிப்பேட்டையில் ஆலை வைத்திருக்கும் திருமலை கெமிக்கல்ஸ் பட்டியலிடப்பட்ட கம்பெனி. தாலிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருள் செய்கிறது, அதற்கு மூலப்பொருள் ஆர்த்தோசைலீன். இரண்டு விலைக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்துத்தான் லாபம். முதல் பக்கத்தில் அந்த இடைவெளி ஐந்து வருடத்தில் எப்படி ஏறி இறங்கியது என்று காட்டுங்கள். இரண்டாம் பக்கத்தில் அதே பொருள் செய்யும் ஐஜி பெட்ரோகெமிக்கல்ஸோடு மதிப்பை ஒப்பிடுங்கள். சந்தை மதிப்பு 2,000 கோடி, கடன் 600 கோடி, கையிருப்பு 100 கோடி என்று ஒரு கம்பெனி இருந்தால் நிறுவன மதிப்பு 2,500 கோடி. எபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் வரும் லாபம், 250 கோடி என்றால் நிறுவன மதிப்பு அதற்கு 10 மடங்கு. இந்தக் கணக்குக்கு உண்மையான எண்களை ஆண்டறிக்கையிலிருந்து போட்டு, எந்தப் பக்கத்தில் எடுத்தீர்கள் என்று குறியுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி தோல் பற்றி எழுதினால் ஏற்றுமதி பில் எத்தனை நாளில் பணமாகிறது என்பதோடு நிற்காதீர்கள். தோல் ஆலைக் கழிவு பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்துபவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. தோல் ஆலையை வாங்க வருகிறவர் கழிவுநீர்ச் சுத்திகரிப்புச் செலவையும் பழைய பொறுப்புகளையும் தோண்டிப் பார்ப்பார். இந்தப் பத்தி மும்பைக்காரன் குறிப்பில் இருக்காது.

ரெஃபரல் நாள்

இப்போது கேட்கலாம், அதுவும் குறிப்பாக: வேலை விளம்பர எண், அந்தப் பக்கத்தின் சுட்டி, ஒரு பக்க ரெஸ்யூமே பிடிஎஃப், உங்களைப் பற்றி அவர் ஒட்டிக்கொள்ள நான்கு வரி. கோப்புக்கு உங்கள் பெயர் வையுங்கள், ‘புதுசு ஃபைனல் 3’ வேண்டாம். கல்லூரி மெயில் முகவரியும் வேண்டாம், படிப்பு முடிந்ததும் அது மூடப்படலாம்.

இங்கேதான் பலருக்கு அடி. பல கம்பெனிகளின் போர்ட்டலில், நீங்களே முதலில் விண்ணப்பித்துவிட்டால் பிறகு ரெஃபரல் ஒட்டாது. சீனியர் உள்ளே பதிந்து உங்களுக்கு லிங்க் வரும் வரை பொறுங்கள். ஒரே வங்கியில் இரண்டு சீனியர்களிடம் ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரிடம் கேட்காதீர்கள். உள்ளே பெயர் மோதும்போது இருவருமே கையைக் கழுவிவிடுவார்கள். ரெஃபரலுக்குப் பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் அது மோசடி.

இன்டர்வியூ தேதி வந்தால் அன்றே சொல்லுங்கள். தேர்வாகாவிட்டாலும், ஒரு வரியில், எந்தக் கேள்வியில் விழுந்தீர்கள் என்பதோடு சொல்லுங்கள்; அடுத்த ஓப்பனிங்குக்கு அவரே கூப்பிடுவது பெரும்பாலும் அந்த வரியால்தான். நேரில் பார்க்க சென்னை போனால் காலை ரயிலில் போய் மாலையே திரும்பிவிடலாம், காபிக்கு நீங்கள் காசு கொடுக்க முயலலாம். ஆற்காடு மக்கன் பேடா டப்பாவை மட்டும் ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகு கொண்டுபோங்கள். அதற்கு முன் கொடுத்தால் வங்கியின் பரிசு விதி அவரைத்தான் பிடிக்கும்.