தாம்பரத்தில் 49, நுங்கம்பாக்கத்தில் 29: அந்த மழையை மாடலில் ஓட்டிப் பார்ப்போம்

2015 டிசம்பர் 2 காலை 8:30 வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை, நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. நடுவே சுமார் 20 கி.மீ.தான். பூமியை 0.25 டிகிரி கட்டங்களாகப் பிரித்த உலக வானிலைத் தரவில் ஒரு கட்டத்தின் பக்கமே ஏறக்குறைய 28 கி.மீ. அந்த வித்தியாசம் அதில் எப்படித் தெரியும்? அதனால்தான் டபிள்யூ.ஆர்.எஃப். என்ற வானிலை மாடலை (காற்று, ஈரம், மழையைக் கணக்கிடும் கணினி நிரல்) 3 கி.மீ. கட்டத்தில் ஓட்டப் போகிறோம். இலவசம்தான், லினக்ஸ் கணினி வேண்டும். நிறுவும்போது அதன் வழிகாட்டியை வரி பிசகாமல் பின்பற்றுங்கள்.

முதல் படி, எல்லை வரைதல். 27, 9, 3 கி.மீ. என ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பெட்டிகள். வெளிப்பெட்டி வங்கக்கடலுக்குள் நன்றாகப் போகட்டும். ஈரக்காற்று வருவது அங்கிருந்துதான். பெட்டியைக் கரையோடு வெட்டினால் மழையையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள்.

அடுத்து, நவம்பர் 30 மாலை 5:30 முதல் (மாடலின் உலக நேரத்தில் 12 மணி) டிசம்பர் 2 வரை 6 மணிக்கொரு எஃப்.என்.எல். தரவை (அந்தந்த நேரத்து உலக வானிலை நிலவரம்) இறக்குங்கள். மழைக்கு முன்பே தொடங்குவது அவசியம். மாடல் மேகங்களைத் தானே உருவாக்கி நிதானத்துக்கு வரச் சில மணி நேரம் பிடிக்கும். ஜியோகிரிட் (பெட்டிக்குள் நிலப்பரப்பை அமைப்பது), அன்கிரிப் (இறக்கிய தரவைப் பிரித்தெடுப்பது), மெட்கிரிட் (அதை நம் பெட்டிகளில் பொருத்துவது) மூன்று நிரல்களையும் வரிசையாக ஓட்டுங்கள்.

இனி நேம்லிஸ்ட், அதாவது மாடலின் அமைப்புகளை எழுதும் கோப்பு. இங்கே அவசரப்படாதீர்கள். காலப் படி (மாடல் ஒவ்வொரு தடவையும் முன்னேறும் நேரம்), வெளிக்கட்டத்தின் கிலோமீட்டரை 6 ஆல் பெருக்கிய நொடிக்குள் இருக்க வேண்டும். 27-க்கு 162 வரும். நான் முதலில் 162 என்றே போட்டேன். பாதி வழியில் நின்றுவிட்டது. 120 போட்டதும் ஓடியது. 3 கி.மீ. பெட்டிக்கு மட்டும் குமுலஸ் திட்டத்தை (கட்டத்தைவிடச் சிறிய மேகங்களைத் தோராயமாகக் கணக்கிடும் முறை) 0 ஆக்குங்கள், அந்த அளவில் மேகத்தை மாடலே நேரடியாகக் கணக்கிடும். அமைத்து முடித்ததும் முதலில் 'ரியல்' (தொடக்க, எல்லை நிலவரத்தைத் தயாரிக்கும் நிரல்), அப்புறம் மாடலையே ஓட்டுங்கள்.

ஓடி முடிந்ததா? சரி, மழையைப் படிப்போம். கோப்பில் இருப்பது தொடக்கத்திலிருந்து சேர்ந்த மொத்த மழை. டிசம்பர் 2 உலக நேரம் 3 மணி மதிப்பிலிருந்து டிசம்பர் 1, 3 மணி மதிப்பைக் கழியுங்கள். நம் 8:30 கணக்கு கிடைக்கும்.

உச்ச மழை தாம்பரத்தின் மேலேயே விழாமல் பத்திருபது கிலோமீட்டர் தள்ளி விழுந்திருந்தால் மனம் தளர வேண்டாம். ஒரே புள்ளியைப் பார்க்காமல் சுற்றுவட்டாரத்தையும் பாருங்கள். அப்புறம் மைக்ரோபிசிக்ஸ் திட்டத்தை (மேகத்துக்குள் துளியும் பனியும் உருவாவதைக் கணக்கிடும் முறை) மட்டும் மாற்றி, இன்னொரு முறை ஓட்டுங்கள்.