மூவர்ணக் கொடி தைப்பவர்களுக்கு: ஏழரை மில்லி கவனம்

தாத்தா மதுரையில் தையல் மெஷின் போட்டபோது கொடி தைக்கவில்லை. கோயில்களுக்குத் தொம்பையும் (தேரில் தொங்கும் துணிக் குழல்) குடைத்துணியும்தான். தேர்தல்கள்தான் எங்களைக் கொடிக்காரர்கள் ஆக்கின. 1967-ல் வீடு முழுக்கக் கறுப்பும் சிவப்புமாகக் கிடந்ததாம். 1972-ல் அதிமுக வந்து கொடி நடுவில் அண்ணா ஏறியதும், அப்பா அட்டையில் அச்சு வெட்டப் பழகினார். மூவர்ணம் அப்போதெல்லாம் ஜனவரியிலும் ஆகஸ்டிலும் மட்டும் போகும் சரக்கு. 2002 கொடி விதிகளுக்குப் பிறகுதான் மற்ற நாட்களிலும் வீட்டுக்கென்று கேட்டு ஆட்கள் வந்தார்கள்.

கறுப்பு சிவப்பில் தையல் லேசாகக் கோணினாலும் கண்ணுக்குத் தெரியாது. மூவர்ணத்தில் நடுவே வெள்ளை உட்கார்ந்திருக்கிறது, எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் கட்சிக் கொடியில் கை பழகும்வரை அப்பா என்னை அதைத் தொடவே விடவில்லை.

மொட்டை மாடிக்கு 900-க்கு 600 மில்லிமீட்டர் அளவு போதும். 2021 டிசம்பரில் விதி மாறியதிலிருந்து மெஷினில் நெய்த துணியும் பாலியஸ்டரும்கூடச் செல்லும். நான் பருத்திதான் சொல்வேன். வெட்டுவதற்கு முன் துணியை நனைத்துக் காயப்போட்டு இஸ்திரி போடுங்கள். ஈரக் காவித் துணியில் வெள்ளைக் கைக்குட்டையை அழுத்திப் பாருங்கள். துளி சாயம் ஒட்டினாலும் அந்தத் துணி வேண்டாம். அவசரத்தில் ஒரு வருஷம் இதை நான் செய்யவில்லை. ஆகஸ்ட் 15 காலையில் மழை. ஒரு பள்ளிக்கூடத்தில் கம்பத்தில் ஏறிய என் கொடியில் ஒன்பது மணிக்குள் வெள்ளைப் பட்டை ஆரஞ்சு மிட்டாய் நிறத்துக்கு வந்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

சரி, வெட்டுக்கு வருவோம். மூன்று பட்டைக்கும் நீளம் 945: கொடிக்கு 900, காற்றில் ஆடும் முனையை மடிக்க 30, கயிற்றுப் பக்கத்துக்கு 15. அகலம் காவிக்கும் பச்சைக்கும் 227, வெள்ளைக்கு 224. தைத்து முடித்தால் ஒவ்வொன்றும் 200-ல் நிற்க வேண்டும்.

இணைப்பதற்கு முன்பே வெள்ளையில் சக்கரத்தை அச்சடித்துவிடுங்கள். பிசகினால் ஒரு பட்டையோடு போகும். இந்த அளவுக்குச் சக்கரத்தின் விட்டம் 185. இருநூறில் அதைக் கழித்துப் பாருங்கள்: மேலே ஏழரை மில்லி, கீழே ஏழரை மில்லி, அவ்வளவுதான் இடம். ஒரு மில்லி நகர்ந்தாலும் தெருவில் போகிறவருக்குத் தெரியும். இன்னொரு ஏழரையும் இருக்கிறது. புதிதாகத் தைப்பவர்கள் பட்டையை இரண்டாக மடித்து நடுவைக் குறிப்பார்கள். 945-ன் நடு 472.5. ஆனால் கொடியின் நடு கயிற்றுப் பக்க ஓரத்திலிருந்து 465-ல் இருக்கிறது. மடிப்புக்கு விட்ட துணி இரு பக்கமும் சமமில்லையே! இதை அப்பா ‘ஏழரை நாட்டுச் சனி’ என்பார். ஆகவே மடிக்காதீர்கள், ஸ்கேல் வைத்து அளந்து குறியுங்கள்.

சக்கரம் இரண்டு பக்கமும் முழுசாகத் தெரிய வேண்டும் என்பது விதி. கருநீல மை ஒரு பக்கம் காய்ந்ததும் துணியைத் திருப்பி, கீழே டியூப்லைட் எரியும் கண்ணாடி மேல் விரித்து, ஆரத்தின் மேல் ஆரம் உட்காரும்படி அச்சு ஸ்கிரீனை வையுங்கள். 24 ஆரம், ஒவ்வொன்றுக்கும் இடையில் 15 டிகிரி. ஒரு ஆரம் நேர் செங்குத்தாக நின்றால் மற்றது தானே சரியாகிவிடும்.

பட்டைகளைச் சேர்க்க 12 மில்லி விட்டுத் தையுங்கள். பிறகு வெள்ளையின் விளிம்பை மட்டும் பாதியாக நறுக்கி, காவி விளிம்பை அதன்மேல் மடித்து, மொத்தத்தையும் காவிப் பக்கமாகச் சாய்த்துக் காவி நூலில் இரண்டாவது தையல். பச்சைக்கும் இதே கதை. வெள்ளைப் பக்கம் சாய்த்தால் வெயில் பட்டதும் உள்ளே ஒரு நிறக் கோடு நிழலாடும்.

மேலும் கீழும் பதினைந்தை இரண்டாக மடித்து ஓரம் அடியுங்கள். ஆடும் முனைக்கு நாலு வரிசை தையல், மூலைகளில் குறுக்கே இன்னும் ரெண்டு. கிழிவது அங்கேதான் தொடங்கும். கயிற்றுப் பக்கம் கெட்டியான வெள்ளைத் துணியில் பட்டி வைத்துக் கயிறு நுழையுங்கள். பட்டியின் மேல் முனையில் நாங்கள் ஒரு சிவப்பு நூல் முடிச்சு போடுவோம். அதிகாலை இருட்டில் கட்டுகிறவருக்குக் காவி எந்தப் பக்கம் என்று விரலுக்கே தெரியும்.

முனை நைந்த கட்சிக் கொடியைக் கொண்டுவந்தால் வெட்டி, மடித்து, தைத்துத் தருவோம். மூவர்ணத்துக்கு அப்படிச் செய்வதில்லை. நீளம் குறைந்தால் 3:2 போய்விடும், சக்கரமும் நடுவில் இருக்காது. அவற்றை வாங்கி அலமாரியில் சேர்த்து வைத்து, கடை அடைத்தபின் பின்கட்டில் முழுசாக எரித்துவிடுவோம். அந்த வேலையை இன்றைக்கும் அப்பாதான் செய்கிறார்.