பிரஷர், சுகர் முகாம்: கம்பெனி எச்.ஆர்.கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் அவிநாசிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனிக்குப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த எச்.ஆர். தம்பி முகாம் போட்டோக்களைக் காட்டி, "ஆடிட்டுக்கு எல்லாம் ரெடிங்கண்ணா" என்றார். பிரஷர் கூடுதலாக இருந்தவர்களில் எத்தனை பேர் இப்போது மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேட்டேன். ஃபைலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பல வருடங்களுக்கு முன்னால் நானும் அப்படிப் புரட்டியவன்தான்.

பட்டியலை ஃபைலில் போட்டு மூடுவது

எங்கள் அயர்ன் டேபிளில் ஒரு அண்ணன் இருந்தார். நாற்பத்து நான்கு வயது. முகாமில் 170/110 காட்டியது. 'மருத்துவரைப் பார்க்கவும்' என்று சீட்டு எழுதிக் கையில் கொடுத்தோம். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அவருக்குத் தலைவலி கூட இல்லை. பீஸ் ரேட் ஆள், செய்த துணிக்கு ஏற்பத்தான் கூலி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டுப் போடும் காலை நேரம்தான் அவருடைய ஷிப்ட் நேரமும். அரை நாள் போனால் அரை நாள் காசு போச்சு. போகவில்லை. ஏழு மாதம் கழித்து, ஷிப்மென்ட் நெருக்கடியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன ராத்திரி, வலது கையும் காலும் விழுந்துவிட்டன.

ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பேப்பருக்காக அவர் மனைவி வந்தார். தேடும்போது அந்தப் பட்டியல் கையில் வந்தது. கீழே என் கையெழுத்து. "அப்பவே தெரியுமுங்களா?" என்று கேட்டார். தெரியும் என்றேன்.

அதனால்தான் இந்த ஒரு தவறைக் கண்டால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. 2021 ஆகஸ்டில் அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பித்தபோது மாத்திரை வீட்டுக்கே வந்தது. பகலெல்லாம் மில்லிலும் தறியிலும் கிடக்கும் ஆளை வீட்டில் எப்படிப் பிடிப்பது? 2024 ஜனவரியில் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' வந்தது அதற்காகத்தான். பரிசோதனை அதில் முதல் பாதி மட்டும். மாதாமாதம் மாத்திரை ஆளின் கைக்குப் போவதுதான் மறுபாதி.

முகாம் முடிந்த அன்றே தனி நோட்டு ஒன்று போடுங்கள்: பெயர், அளவு, மறுபடி பார்த்த தேதி, மாத்திரை தொடங்கிய தேதி, அடுத்து வாங்க வேண்டிய தேதி. உங்கள் வட்டார மருத்துவ அலுவலரிடம் நேரில் போய், மருத்துவக் குழு கம்பெனிக்கு எந்த நாள் வரும் என்று கேட்டு வாங்குங்கள். அன்றைக்கு அரை மணி நேரம் ஆளை விடவும், அந்த அரை மணிக்குக் காசு பிடிக்காமல் இருக்கவும் முதலாளியிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச் சம்மதம் ஷிப்மென்ட் வாரத்தில் நிற்காது.

மாடிப்படி ஏறி வந்தவரிடம் உடனே பிரஷர் பார்ப்பது

ஐந்து நிமிடம் உட்காரட்டும். அரை மணிக்குள் டீயோ பீடியோ கூடாது. 140/90-ஐத் தாண்டினால் இன்னொரு நாள் திரும்பப் பாருங்கள்.

அளவை லைன் சூப்பர்வைசரிடம் காட்டுவது

கூடாது. "சுகர்காரன்" என்று பெயர் விழுந்தால், அடுத்த முகாமன்று பாதிப் பேர் லீவு.

'ஈ.எஸ்.ஐ. ஆக்சிடென்டுக்குத்தான்' என்று சொல்வது

புது ஆட்கள் மட்டுமல்ல, சீனியர்களும் இதைச் சொல்கிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவருக்குச் சாதாரண நோய்க்கும் சிகிச்சை உண்டு. ஈ.எஸ்.ஐ. சந்தா கட்டிய நாட்கள் சரியாக இருந்தால் வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளமும் உண்டு. பக்கவாதம் போன்ற நீண்ட நோய்களுக்குத் தனிப் பட்டியலே இருக்கிறது. இரண்டு வருட சர்வீஸும் தேவையான சந்தாவும் இருந்தால் 80 சதவீதச் சம்பளம். அந்த அண்ணன் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தப் பணத்தில்தான்.

ஒடியா, இந்திக்கார ஆட்களுக்குத் தமிழ்ச் சீட்டு கொடுப்பது

அவர்கள் மொழியில் எழுதுங்கள். ஊருக்குப் போகும்போது இரண்டு மாத மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.