குதிகால் நரம்பு வலிக்கு ஷாக் வேவ்: போவதற்கு முன்பும் போய் வந்த பிறகும்

பௌர்ணமிக்கு திருவண்ணாமலை போய் 14 கிலோமீட்டரையும் வெறுங்காலில் சுற்றிவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக வேலூர் பஸ் பிடித்து வந்து படுத்தேன். காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் காலை ஊன்றினால் குதிகாலுக்குப் பின்னால் சுள்ளென்று பிடித்தது. பத்தடி நடந்ததும் விட்டது. நானும் விட்டுவிட்டேன். நாலு மாதம் இப்படியே ஓடி, கோட்டைப் பக்கம் காலை நடை போவதும் நின்று, மாடிப்படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிற நிலைக்கு வந்தபிறகுதான் டாக்டரிடம் போனேன். வலிக்கிற இடத்தில் தோலின் மேலிருந்தே மெஷினால் அடுத்தடுத்துத் தட்டுகிற சிகிச்சைதான் ஷாக் வேவ். அதைப் பற்றி யாராவது கேட்டால் நான் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் வலி எங்கே என்று பாருங்கள். குதிகாலுக்கு அடியில், பாதத்தில் வலித்தால் அது வேறு கதை, குதிகால் வாதம் என்று சொல்வோமே அது. நான் சொல்வது பின்பக்கம். கெண்டைக்கால் சதை கீழே இறங்கி இறங்கி ஒடுங்கி, குதிகால் எலும்பில் போய் ஒட்டுகிற தடித்த கயிறு. நம் ஊரில் நரம்பு என்கிறோம், உண்மையில் அது தசைநார், டாக்டர்கள் அகிலீஸ் டெண்டன் என்பார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து அதை இரண்டு பக்கமும் கிள்ளிக்கொண்டே எலும்பிலிருந்து மேலே வாருங்கள். எலும்பிலிருந்து 2 முதல் 6 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு இடம் தடித்து, தொட்டாலே 'ஆ' என்றால் அது நடுப்பகுதி வலி. எலும்போடு ஒட்டுகிற இடத்திலேயே வலித்தால் அது ஒட்டுமிட வலி. இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள், பயிற்சியே இதைப் பொறுத்துத்தான் மாறும்.

'டப்' என்று சத்தம் கேட்டு, பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்து, அதற்கப்புறம் நுனிக்காலில் நிற்க முடியவில்லை என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அன்றைக்கே எலும்பு டாக்டரிடம் போங்கள். அது அறுந்திருக்கலாம். அதற்கு ஷாக் வேவ் கிடையாது.

ஷாக் என்றதும் என் வீட்டில் கரண்ட் வைப்பார்கள் என்றே நினைத்தார்கள். கரண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிட்னி கல்லை உடம்புக்கு வெளியிலிருந்தே அலையால் உடைக்கிற முறையை 1980ல் ஜெர்மனியில், மியூனிக்கில், முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்தார்கள். அதன் வழியில் வந்ததுதான் இது. ஆனால் இங்கே எதையும் உடைப்பதில்லை. நாள்பட்டு ஆறாமல் கிடக்கிற தசைநாரைத் தட்டி எழுப்புகிற வேலை. பிசியோதெரபி கிளினிக்குகளில் பெரும்பாலும் இருப்பது ரேடியல் மெஷின். கைப்பிடிக்குள் ஒரு சின்ன உலோகக் குண்டு காற்றழுத்தத்தில் பாய்ந்து நுனியில் மோதும், அந்த அடி தோல் வழியாக உள்ளே இறங்கும். ஃபோகஸ்டு என்று இன்னொரு வகை இன்னும் ஆழமாகப் போகும், விலையும் கூட. குதிகால் தசைநார் தோலுக்குக் கீழேயே இருப்பதால் இதற்கு ரேடியலே போதும் என்பது என் கருத்து.

வலி வந்த வாரமே போய் நிற்காதீர்கள். மூன்று மாதமாவது ஒழுங்காகப் பயிற்சி செய்து, நடையைக் குறைத்துப் பார்த்தும் தீராதவர்களுக்குத்தான் பொதுவாக இதைச் சொல்கிறார்கள்.

போவதற்கு முன் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கர்ப்பமா, அந்த இடத்தில் புண்ணோ கட்டியோ இருக்கிறதா, சமீபத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டீர்களா. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு நுனி இன்னும் மூடியிருக்காது, அதனால் அங்கே வைக்கமாட்டார்கள். சுகர் இருந்து பாதம் மரத்துப்போயிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் அடியின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் நீங்கள் சொல்கிற வலியை வைத்துத்தான். இன்னொன்று, யாரும் கேட்கமாட்டார்கள், நீங்களே சொல்லிவிடுங்கள்: யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கோ சளிக்கோ சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் மாதிரி மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதுவே இந்தத் தசைநாரைக் கெடுக்கக்கூடியது.

நான் முதலில் போன இடத்தில் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பத்து சிட்டிங் பேக்கேஜ், முன்பணம், 'வலியே தெரியாது சார்' என்று மரத்துப்போகிற க்ரீம் தடவி, குதிகால் எலும்பின் மேல் அடித்தார்கள். எனக்கு வலி நாலு விரல் மேலே! மரத்துப்போனதால் எனக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை. மூன்று தடவையோடு நின்றுவிட்டேன், பணம் போனது போனதுதான். மரக்கவைத்து அடித்தால் பலனும் குறைகிறது என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். ஆகவே க்ரீம் வேண்டாம், மொத்தப் பேக்கேஜும் வேண்டாம். வாரம் ஒரு தடவை, மூன்றிலிருந்து ஐந்து தடவை, அவ்வளவுதான் வழக்கம்.

இரண்டாவது இடத்தில் நடந்தது இப்படி. குப்புறப் படுக்கச் சொல்லி, பாதம் மேஜை விளிம்புக்கு வெளியே தொங்கும்படி வைத்தார் பிசியோ. விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்து, நான் முகத்தைச் சுளித்த இடத்தில் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். சில்லென்று ஜெல். அப்புறம் 'டக டக டக டக' என்று தகரத்தில் ஆலங்கட்டி விழுகிற சத்தம். குறைந்த அழுத்தத்தில் ஆரம்பித்து, 'பத்துக்கு எவ்வளவு வலிக்குது?' என்று கேட்டுக் கேட்டு மெதுவாக ஏற்றினார். 2,000 அடி, விநாடிக்கு எட்டு. நாலு நிமிஷம் சொச்சம். முதல் நிமிஷம் பல்லைக் கடிக்க வைக்கும், அப்புறம் பழகிவிடும். தாங்கவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள், அங்கே வீரம் காட்ட ஒன்றுமில்லை.

முடிந்து எழுந்து நடந்தே வீட்டுக்கு வரலாம். இரண்டு நாள் அடிபட்ட மாதிரி கன்றிப்போய் வலிக்கும், லேசாகச் சிவக்கும். அந்த இரண்டு நாள் ஓட்டம், குதித்தல் வேண்டாம். அந்த வலிக்கு ப்ரூஃபன், டைக்ளோஃபினாக் போடவேண்டாம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள், தேவைப்பட்டால் பாராசிட்டமால். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

மெஷின் பாதிதான், மீதி வீட்டு வாசற்படியில். ஸ்வீடனில் அல்ஃப்ரெட்சன் என்ற டாக்டர் 1998ல் வெளியிட்ட பயிற்சி இது: படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து, இரண்டு காலாலும் எம்பி நில்லுங்கள். நல்ல காலை எடுத்துவிட்டு, வலிக்கிற காலின் குதிகாலை மட்டும் மெதுவாகப் படிக்குக் கீழே இறக்குங்கள். ஏறுவது இரண்டு காலில், இறங்குவது ஒரு காலில். முட்டியை நேராக வைத்து 15 தடவை மூன்று சுற்று, லேசாக மடக்கி இன்னொரு மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 180. முதல் நாளே அத்தனையும் செய்யவேண்டாம், நானே மூன்று வாரத்தில்தான் அங்கே வந்தேன். செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம், ஆனால் மறுநாள் காலை முந்தைய நாளைவிடப் பிடித்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒட்டுமிட வலிக்காரர்கள் படிக்குக் கீழே இறக்காமல் தரை மட்டத்தோடு நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தசைநார் எலும்பில் அழுந்தி வலி கூடும்.

செருப்பையும் பாருங்கள். பக்கத்து ஆம்பூரில் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிறார்கள், நாம் தேய்ந்த ஹவாய் செருப்பில் மார்க்கெட் போகிறோம். கொஞ்சம் குதி உயர்ந்த ஷூ, அல்லது இரண்டு காலுக்கும் சின்ன ஹீல் பேட், சில வாரத்துக்குப் போதும். சோளிங்கர் மலைப் படிகளை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள்.

இரண்டாவது இடத்தில் மூன்றாவது சிட்டிங் முடிந்தபோதும் எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை, ஏமாந்துவிட்டோமோ என்றுகூட நினைத்தேன். குறைய ஆரம்பித்தது ஆறாவது வாரத்தில். கட்டிலை விட்டு இறங்கியதும் பிடிப்பு விட எத்தனை அடி ஆகிறது என்று காலண்டரில் குறித்துக்கொண்டு வந்தேன்: 30, 22, 15, 6. உங்களுக்கு 12 வாரம் ஆகியும் அந்த எண் அசையவில்லை என்றால் இன்னொரு சுற்று ஷாக் வேவுக்குப் பணம் கட்டாதீர்கள், ஸ்கேன் எடுத்து, யூரிக் ஆசிட், கொழுப்பு, சுகர் மூன்றையும் பார்த்துவிட்டு எலும்பு டாக்டரிடம் திரும்பப் போங்கள்.