மேகம் இறங்கும் மலையில் ஓடும் நாய்: கேமரா வாங்குவோர் செய்யும் தவறுகள்

மே மாதத்தில் ஊட்டி நாய்க் கண்காட்சியும் கொடைக்கானல் கோடை விழாவும் முடிந்த கையோடு என்னைத் தேடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, நாய் ஓடும்போது படம் எடுக்க எந்தக் கேமரா வாங்கலாம்?" கேட்பவர் ஏதாவது ஒரு கேமராவை மனத்துக்குள் முடிவு செய்துவிட்டுத்தான் கேட்பார். எத்தனை மெகாபிக்சல் என்பதும் அவருக்கு மனப்பாடமாக இருக்கும். எந்த லென்ஸ் வாங்கப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால் மட்டும் பதில் வராது.

பெரிய தவறு அதுதான். இருக்கும் பணத்தையெல்லாம் கேமராவுக்கே கொடுத்துவிட்டு, கூடவே கிடைக்கும் 18-55 லென்ஸோடு மலையேறி வந்துவிடுகிறார்கள். கோவை வெயிலில் அதை வைத்துச் சமாளிக்கலாம். குன்னூரில் பகல் இரண்டு மணிக்கு மேகம் இறங்கிவிட்டால் முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் சிப்பிப்பாறை நாய் ஒரு நொடியில் சுமார் 11 மீட்டரைக் கடக்கிறது. ஷட்டர் 1/500 நொடி திறந்திருந்தால், அதற்குள் நாய் 2 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். பக்கவாட்டில் ஓடும் நாயின் கண்ணும் மீசையும் கரைந்து போக அது போதும். 1/2000 நொடியில் அது அரை சென்டிமீட்டர்தான். கால்கள் உடலைவிட வேகமாக வீசுவதால் நான் 1/1600க்குக் கீழே இறங்குவதே இல்லை. லென்ஸின் எஃப் எண் சிறிதாக இருந்தால் அதன் திறப்பு பெரிது, உள்ளே வரும் வெளிச்சமும் அதிகம். ஐஎஸ்ஓ என்பது கிடைத்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற எண். அது ஏற ஏறப் படம் பொரிபொரியாகும். மூட்டத்தில் அந்த வேகத்தில் எடுக்கும்போது வழக்கமான 18-55 போன்ற எஃப் 5.6 லென்ஸ் ஐஎஸ்ஓ 6400 கேட்டால், எஃப் 2.8 லென்ஸ் 1600 மட்டுமே கேட்கும். நான்கு மடங்கு வெளிச்சம்! கன்னி இன நாயின் கறுப்பு ரோமத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியும். ஒரு படத்தில் ரோமம் ரோமமாக இருக்கும், மற்றதில் மணலைத் தூவியது போலிருக்கும்.

ஆகவே சற்றுப் பழைய கேமராவும், தொலைவில் உள்ளதை அருகில் காட்டும் 70-200 எஃப் 2.8 லென்ஸும் என்பதே என் பரிந்துரை. அந்த லென்ஸ் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ எடை இருக்கும், விலையும் அதிகம். கட்டுப்படியாகாதவர்கள் 85 எம்.எம். எஃப் 1.8 லென்ஸைப் பார்க்கலாம். நாயை நம்மை நோக்கி ஓடிவரச் செய்தால் அதுவே நன்றாகக் கைகொடுக்கும். நடுக்கத்தைத் தடுக்கும் வசதி கேமராவில் இருக்கிறதே என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். அது நம் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், நாயின் ஓட்டத்தை அல்ல.

நொடிக்கு 30 படம் என்ற விளம்பரத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பல கேமராக்களில் அந்த வேகம் மின்னணு ஷட்டரில், அதாவது திரை எதுவும் திறந்து மூடாமல் சென்சாரே படத்தைப் பதியும் முறையில் மட்டுமே கிடைக்கிறது. நடுத்தர விலைக் கேமராக்களில் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும். அதற்கு 1/30 நொடி ஆனால், முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே நம் சிப்பிப்பாறை 37 சென்டிமீட்டர் தாண்டியிருக்கும். கோத்தகிரிப் பக்கம் தேயிலைக்கு நடுவே உள்ள வழியில் ஓடிய நாயை ஒருமுறை மின்னணு ஷட்டரில், கேமராவைத் திருப்பித் திருப்பிப் பின்தொடர்ந்து எடுத்தேன். நாய் ஒழுங்காக விழுந்திருந்தது. அதன் பின்னால் நின்ற சில்வர் ஓக் மரங்கள் அத்தனையும் புயலில் சிக்கியவை போல ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. அன்று இலைகூட அசையவில்லை. 2021இல் வந்த நிக்கான் இசட்9 சென்சாரை மிக வேகமாகப் படிப்பதால் அதில் இயந்திர ஷட்டரே கிடையாது. 2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் படித்துவிடும். அவையெல்லாம் லட்சங்களில் விலை போகிறவை. மற்றவர்கள் இயந்திர ஷட்டரில் எத்தனை படம் என்று கேளுங்கள். 10 இருந்தால் தாராளம். வேகம் கூடக் கூட கேமராவின் தற்காலிக நினைவகமும் சீக்கிரம் நிரம்பிவிடும். 60 படம் கொள்ளும் இடத்தில் நொடிக்கு 30 எடுத்தால் இரண்டே நொடிதான். நாய் தாவும் நேரத்தில் கேமரா திணறி நிற்கும்.

ஃபோகஸைக் கடைக்குள்ளேயே சோதித்துப் பார்ப்பதும் வீண். விலங்குகளின் கண்ணைக் கண்டுபிடித்துத் தொடரும் வசதி சோனியில் 2019இல் வந்தது. 2020இல் வந்த கேனன் ஆர்5, ஆர்6 இரண்டும் நாயை அடையாளம் காணும். ஆனால் கறுப்பு முகத்தில் கறுப்புக் கண், அதன் மேல் மூட்டம் என்றால் எந்தக் கேமராவும் தடுமாறும். முகவாய் கறுத்த கோம்பை நாயை வைத்து இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கடைக்காரரிடம் அனுமதி கேட்டு வாசலுக்கு வாருங்கள். மேட்டில் உங்களை நோக்கி ஏறிவரும் ஸ்கூட்டரைத் தொடர்ந்து எடுத்துப் பாருங்கள். குறுக்கே போவதைப் பிடிப்பது எளிது, நேராக வருவதில்தான் கேமராவின் தரம் தெரியும். உங்கள் நாயையே கூட்டிப்போக முடிந்தால் இன்னும் நல்லது.

வெள்ளை ராஜபாளையம் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கரும்பச்சைத் தேயிலைக்கு முன்னால் கேமராவின் கணக்கு தவறி நாய் வெளுத்துப்போகும், வெண்மூட்டத்தில் அதே நாய் சாம்பலாகிவிடும். எடுக்கும் முன்பே வெளிச்சத்தின் அளவு கண்ணுக்குத் தெரிகிற மிரர்லெஸ் கேமரா உங்களுக்கு ஏற்றது.

விடியற்காலையிலும் அந்தியிலும்தான் ஒளி அழகு என்று சொல்லி, அதற்கென்றே கேமரா தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். தேயிலைத் தோட்ட ஓரங்களில் சிறுத்தை நடமாடும் வேளையும் அதுதான். நாயைத் தூக்கிப்போன வீடுகள் இங்கே எத்தனையோ. தயவுசெய்து அந்த நேரத்தில் நாயை அவிழ்த்துவிடாதீர்கள்.

கடைசியாக, பழைய லென்ஸ் வாங்குகிறவர்களுக்கு. மலை ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். தோல் பையில் போட்டு பீரோவில் பூட்டி வைத்த லென்ஸ் என்றால் சொல்லவே வேண்டாம். வாங்கும் முன் இரண்டு மூடிகளையும் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் ஒளியைச் சற்றுச் சாய்வாகப் பாய்ச்சி, முன்பக்கமாகப் பாருங்கள். விளிம்பிலிருந்து மையத்தை நோக்கிச் சிலந்தி இழை போல, சிறு வேர் போல மெல்லிய கோடுகள் ஓடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நல்ல லென்ஸை வாங்கிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரப்பதமானி ஒன்றையும் உள்ளே போட்டு, 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். குளிரிலிருந்து சூடான அறைக்குள் வந்தால் கேமராவைப் பையைவிட்டு உடனே எடுக்க வேண்டாம், கண்ணாடியில் நீர் பூத்துவிடும்.

டார்ச் அடித்துப் பார்க்காமல் நான் ஒருமுறை ஒரு கடையில் பழைய லென்ஸ் வாங்கினேன். என் முதல் நாய் இப்போது இல்லை. அந்த லென்ஸில் எடுத்த அதன் படங்கள் எல்லாமே மூட்டத்துக்குள் எடுத்தவை போல இருக்கின்றன. அன்றெல்லாம் நல்ல வெயில்.