மாரிக்கு முன்பே ஆட்டின் கண்ணைப் பாருங்கள்: புதிதாக ஆடு வளர்ப்பவர்களுக்கு

ஐப்பசி, கார்த்திகை மழை விட்டுவிட்டுப் பெய்யும் நாட்களில் யாழ்ப்பாணத்து ஆட்டுக்கொட்டில்களில் அடிக்கடி காணும் சாவு ஒன்று உண்டு. ஆடு மெல்ல மெல்ல மெலியும். தாடைக்குக் கீழே பைபோல நீர் தேங்கும். பிறகு ஒரு காலையில் எழும்பாமல் கிடக்கும். "கூதல் பிடித்துவிட்டது" என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது கூதலால் அல்ல. இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் ஹிமோன்கஸ் என்ற புழுவின் வேலை. இந்தச் சாவைத் தடுக்கலாம், பெரிய செலவும் இல்லை. இரண்டு மூன்று ஆடு வாங்கிக் கட்டியிருப்பவர்கள் இன்றே தொடங்கலாம்.

புழுவின் முட்டைகள் புழுக்கையோடு நிலத்தில் விழுகின்றன. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிழமைக்குள் குஞ்சுப்புழுக்கள் உருவாகி, நனைந்த புல்லின் அடித்தாளில் ஏறிக் காத்திருக்கும். சோழகம் வீசி நிலம் காயும் கோடையில் அவற்றில் பெரும்பகுதி அழிந்துவிடும். அதனால்தான் மாரியில் இத்தனை கவனம் வேண்டும்.

முதல் வேலை: கண்ணிமை

புழு இரத்தத்தைக் குடிக்கக் குடிக்க, ஆட்டின் கண்ணிமையின் உட்பக்கம் வெளிறும். நல்ல பகல் வெளிச்சத்தில் ஆட்டை நிறுத்துங்கள். ஒரு கையின் பெருவிரலால் மேலிமையைக் கீழே தள்ளிக் கண்ணை மூடி, மெதுவாக அழுத்துங்கள். மற்றப் பெருவிரலால் கீழிமையை இழுத்தால் உட்சவ்வு வெளியே துள்ளி வரும். அந்த நிறத்தை உடனே பாருங்கள். இமையைப் பிடித்தபடியே நின்றால் நிறம் மாறிவிடும். இரண்டு கண்ணையும் பார்த்து, வெளிறிய கண்ணையே கணக்கில் எடுங்கள்.

நல்ல சிவப்பானால் கவலை இல்லை. இளஞ்சிவப்பானால் கவனித்து வாருங்கள். மெலிந்த ஆடு, குட்டி, சினையாடு என்றால் புழு மருந்து தேவைப்படலாம். வெள்ளை கலந்தோ முழு வெள்ளையாகவோ இருந்தால் அன்றே மருந்து. இதற்கென்று தென்னாபிரிக்காவில் உருவான ஐந்து நிறப் படிகள் கொண்ட அட்டை இருக்கிறது. கால்நடை வைத்தியரிடம் பார்க்கக் கேளுங்கள். கோடையில் மாதம் ஒருமுறையும், மாரியில் கிழமைக்கு ஒருமுறையும் பார்த்தால் போதும்.

மருந்து கொடுக்கும்போது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஆட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு மருந்து ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. அப்படிச் செய்தால் மருந்துக்குச் சாகாத புழுக்கள் மட்டும் மிஞ்சிப் பெருகும். ஒருநாள் எந்த மருந்தும் வேலை செய்யாது. தேவைப்படும் ஆட்டுக்கு மட்டும், தேவையான முழு அளவில் கொடுங்கள். குறைத்துக் கொடுப்பதும் புழுவுக்கே உதவி. ஆகவே நிறையைத் தராசில் தூக்கிப் பார்த்து, அதைச் சொல்லி வைத்தியரிடம் அளவு கேளுங்கள். சினையாடு என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அல்பென்டசோல் போன்ற மருந்து சினையின் தொடக்கத்தில் கருவைப் பாதிக்கும். பால் கறப்பதானால் எத்தனை நாள் பாலைத் தவிர்க்க வேண்டும் என்றும் கேளுங்கள்.

ஊசி கழற்றிய சிரிஞ்சை வாயின் ஓரத்தால் நாக்கின் பின்பகுதிவரை செலுத்தி, மெதுவாக ஊற்றுங்கள். தலையை அண்ணாந்து பிடிக்க வேண்டாம். மருந்து நுரையீரலுக்குள் போனால் ஆடு செத்துவிடும்.

மேய்ச்சலும் குழையும்

பனி காய்ந்த பிறகே அவிழ்த்து விடுங்கள். மாரியில் மேய்ச்சலைக் குறைத்து, பூவரசு, சீமைக்கிளுவை, முருங்கை, பலா என்று வேலியில் கிடைக்கும் குழையை உயரத்தில் கட்டுங்கள். நிலத்திலிருந்து எட்டத்தில் தின்னும் ஆட்டுக்குப் புழு ஏறுவது வெகு குறைவு. மரவள்ளி இலையைப் பச்சையாகக் கொடுக்கவே கூடாது, அதில் நஞ்சு உண்டு. தவிடு, புண்ணாக்கை ஒரேயடியாகக் கூட்டினாலும் ஆபத்து. ஏழு, பத்து நாளில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

கொட்டில் நிலத்தோடு ஒட்டியிருக்காமல், பனஞ்சலாகைத் தட்டு போட்டு உயர்த்தியிருப்பது நல்லது. புழுக்கை கீழே விழ வேண்டும், ஆனால் குட்டியின் கால் சிக்கக்கூடாது. வாடைக்காற்று அடிக்கும் பக்கத்தைக் கிடுகால் அடையுங்கள், காற்றோட்டத்தை மட்டும் அடைத்துவிடாதீர்கள். ஈரத்தில் குளம்பு அழுகும்; இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சீவுங்கள்.

காலிலும் வாயிலும் புண் வரும் கால்வாய் நோய் முதலியவற்றுக்கான தடுப்பூசிகளின் காலத்தை உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு, மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள். குட்டி பிறந்தால் தொப்புளுக்கு அயடின், முதல் ஒரு மணிநேரத்துக்குள் வயிறு நிறையக் கடும்புப்பால்.

புதிதாக வாங்கிய ஆட்டை மூன்று நான்கு கிழமை தனியே கட்டுங்கள். ஆட்டின் உடல் வெப்பம் 38.5 முதல் 40 பாகை செல்சியஸ் வரை இருக்கலாம். அதற்கு மேல் ஏறினாலோ, இடது வயிறு உப்பினாலோ, தாடை வீங்கினாலோ, நாளை பார்ப்போம் என்று விட்டுவிடாமல் அன்றே வைத்தியரை அழையுங்கள்.